குடுமியான்மலையில் உடைஞ்ச ரெண்டு பொய்!

பர்த்டேன்னா நம்ம ஹாஸ்டல்ல என்ன நடக்கும்? நடுராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவாங்க. மூஞ்சி பூரா கேக். முதுகுல தர்ம அடி. மறுநாள் ட்ரீட்டுல பர்ஸ் காலி! ஆனா ஃப்ரெண்ட்ஸ், இந்தத் தடவை நான் கொண்டாடினது எங்க அப்பாவோட பர்த்டே. அதுவும் ஒரு நாள் இல்ல... ஒரு வாரம்!

அப்பா சிங்கப்பூர்ல கட்டட வேலை பார்க்கிறார். நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த வருஷம் ப்ளேன் ஏறினவர். லீவுல வருவார், போவார். ஆனா அவர் பிறந்தநாளுக்கு வீட்டில் இருந்ததே இல்லை. வருஷா வருஷம் போன்லதான் வாழ்த்து.

"கேக் வெட்டினீங்களாப்பா?"

"வெட்டாம? ரூம் பசங்க எல்லாரும் சேர்ந்து தேக்கா மார்க்கெட் போயி பிரியாணி சாப்பிட்டோம்டா!"

எங்களுக்கும் நிம்மதியா இருக்கும்.

இந்த வருஷம் அவருக்கு அம்பது. லீவும் சரியா அந்த வாரத்துல கிடைச்சுது. "அவரை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடா"ன்னு அம்மா ஆர்டர். மாமாவோட பழைய பைக், என் பாக்கெட் மணி... ப்ளான் ரெடி!

திங்கட்கிழமை புதுக்கோட்டையில புரோட்டாவும் முட்டை மாஸும். செவ்வாய்க்கிழமை திருக்கோகர்ணம் மியூசியம். 1910-ல ஆரம்பிச்சது. உள்ளூர்க்காரரா இருந்தும் அப்பா உள்ளே போனதே இல்லையாம். புதன்கிழமை விராலிமலை. மயிலைப் பார்த்ததைவிட, அங்க முருகனுக்குச் சுருட்டு படைப்பாங்கன்னு சொன்னதும்தான் அப்பா முகத்துல செம சிரிப்பு! வியாழக்கிழமை சித்தன்னவாசல். தாமரைக் குளம் ஓவியத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி வந்துடுச்சு. குகைக்குள்ள 'ம்ம்ம்'னு சத்தம் எழுப்பினா பாறையே திருப்பி முனகுது. அப்பா சின்னப் பையன் மாதிரி நாலு தடவை செஞ்சு பார்த்தார்.

வெள்ளிக்கிழமை... பர்த்டே. குடுமியான்மலை!

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். சிகாநாதர் கோயிலுக்குள்ள நுழைஞ்சதுமே பெரிய பெரிய சிற்பங்கள். பத்துத் தலை ராவணன், நரசிம்மர், ரதி, மன்மதன்... நான் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருக்க, அப்பா ஒரு தூணைத் தட்டிப் பார்த்துட்டு இருந்தார். "ஒத்தைக் கல்லுடா இது. கிரேன் இல்லாம எப்படித் தூக்கி நிறுத்தியிருப்பான்?" சைட்டுல நிக்கிற மனுஷன் கண்ணு அப்படித்தான் பார்க்கும் போல.

அடுத்து குடைவரைக் கோயில். அதுக்குப் பக்கத்துப் பாறையிலதான் அந்த ஃபேமஸ் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு கிரந்த எழுத்து. ஏழு பண்களுக்கான ஸ்வரங்களை நாலு நாலா வெட்டி வெச்சிருக்காங்க. மகேந்திரவர்ம பல்லவன் வேலைன்னு ரொம்ப நாளா சொன்னாங்க. இல்லேன்னு சொல்ற ஆராய்ச்சியாளர்களும் இருக்காங்க. ருத்ராசாரியார்ங்கிற குருவோட சீடனான ஒரு அரசன், 'மாணவர்களோட நன்மைக்காக' செஞ்சதுன்னு கல்வெட்டே சொல்லுது.

"பார்த்தியா, அந்தக் காலத்துலயே உங்களுக்கு நோட்ஸ் அடிச்சுக் குடுத்திருக்காங்க. படிக்கிறதுக்கு என்னடா?"ன்னார் அப்பா. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

வெளியே வந்து நிழல்ல உட்கார்ந்தோம். அப்பாவுக்கு ஊர்ப் பேர்க் கதை சொன்னேன். சாமிக்கு வெச்சிருந்த பூவை அர்ச்சகர் தன் காதலிக்குக் கொடுத்துட்டாராம். திடீர்னு ராஜா வந்து நிக்கிறார். அவசரமா அவ தலையில இருந்த பூவையே எடுத்துப் பிரசாதமா நீட்ட, அதுல ஒரு தலைமுடி! "இது என்ன?"ன்னு ராஜா கேட்க, "சாமிக்கே குடுமி இருக்குது"ன்னு அடிச்சு விட்டுட்டார். "காட்டு பார்க்கலாம்"னு ராஜா உள்ளே போனா... லிங்கத்துல நிஜமாவே குடுமி! பக்தனைக் காப்பாத்த சாமியே முடி வளர்த்தாராம். சிகாநாதர்ங்கிற பேரும் அதனாலதான்.

அப்பா சிரிப்பார்னு நினைச்சேன். சிரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா சொன்னார்...

"நானும் அப்படி ஒண்ணு அடிச்சு விட்டுட்டுத்தாண்டா இருந்தேன். கேக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிறந்தநாள் முக்காவாசி வேலை நாளாத்தான் வரும். காலையில பொட்டலம் வாங்கிட்டு லாரியில ஏறினா, ராத்திரிதான் ரூம். உங்க போன் வந்தப்புறம்தான் ஞாபகமே வரும். நீங்க ஆசையா கேக்குறீங்களேன்னு... பிரியாணின்னுட்டேன்."

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. இத்தனை வருஷம் அவர் பொய்யைக் காப்பாத்த எந்தச் சாமியும் வரல. நாங்க கேள்வி கேட்காம நம்பினதுதான் காப்பாத்தியிருக்கு.

இதுக்கு மேல நான் எப்படி மறைக்கிறது? "அப்பா... எம்-த்ரீல எனக்கு அரியர். ஆல் க்ளியர்னு சொன்னது பொய்."

அடி விழும்னு தயாரா இருந்தேன். அப்பா என்னையே பார்த்தார். "எத்தனை?"

"ஒண்ணுதாம்பா."

"அம்மாகிட்ட இப்ப சொல்லாத. எழுதி முடிச்சுட்டுச் சொல்லு. ஆனா என்கிட்ட இனிமே மறைக்காத."

"நீங்களும்!"

அப்பதான் சிரிச்சார். திரும்புற வழியில ஒரு பேக்கரியில சின்னதா கேக் வாங்கி, பெஞ்சுல வெச்சு வெட்டினோம். டீ மாஸ்டர்தான் ஹேப்பி பர்த்டே பாடினார். அப்பா பிறந்தநாள் கேக் வெட்டுறதை நான் நேர்ல பார்த்தது அதுதான் முதல் தடவை.

அப்பா திரும்பப் போயிட்டார். போன வாரம் போன்ல, "என்னப்பா சாப்பிட்டீங்க?"

"பொட்டலச் சோறுதாண்டா. கொஞ்சம் ஆறிப்போச்சு. நீ படிச்சியா?"

"ரெண்டு யூனிட் முடிச்சிருக்கேன்."

ரெண்டுமே உண்மை!