கல் அல்ல… கைட்டன்!

கலிஃபோர்னியாவின் பசிஃபிக் குரோவ் ஊருக்கு வருகிறவர்களில் பலர் பட்டாம்பூச்சி பார்க்க வருகிறவர்கள். குளிர்காலத்தில் மோனார்க் பட்டாம்பூச்சிகள் இங்குள்ள மரங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். மரத்தை அண்ணாந்து பார்த்தது போதும் என்று கடற்கரைப் பாறைகளில் குனிந்து பார்ப்பவர்களுக்கு, இந்த ஊர் இன்னொரு அதிசயத்தையும் காட்டும்.

1855-ல் ஏற்றப்பட்ட பாயிண்ட் பினோஸ் கலங்கரை விளக்கம் இன்றும் எரிகிறது. அதன் அருகே, கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே குட்டைகள் வெளிப்படும். எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கின் நண்பரும் கடல் உயிரியலாளருமான எட் ரிக்கெட்ஸ், உயிரினங்களைத் தேடி வந்து போன இடம் இது. ஈரப் பாறையில் கட்டைவிரல் நீளத்துக்கு முட்டை வடிவில் ஏதோ ஒன்று ஒட்டியிருக்கும். முதுகில் வரிவரியாகத் தகடுகள். ‘அட, ட்ரைலோபைட் புதைபடிவம்!’ என்று துள்ளத் தோன்றும்.

தகடுகளை எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சரியாக எட்டு. சுற்றிலும் தோல் பட்டை ஒன்று சட்டம் போட்டது போல ஓடும். அப்படியென்றால் அது கைட்டன், உயிரோடுதான் இருக்கிறது. ட்ரைலோபைட்டுகள் சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துவிட்டன. அவை கணுக்காலிகள், நண்டுக்கும் பூச்சிக்கும் தூரத்து உறவு. கைட்டனோ நத்தை, சிப்பியின் சொந்தம். அடியில் கால்களே கிடையாது, பாறையைக் கவ்விப் பிடிக்கும் தசைத் தட்டு மட்டும்தான்.

இனம் பிரிப்பதும் கஷ்டமில்லை. பட்டை முழுக்க முடி முளைத்து, பாசி படர்ந்தது போல இருந்தால் மோபாலியா. கறுப்புத் தோலுக்கு நடுவே தகடுகள் கொஞ்சமாக எட்டிப் பார்த்தால் கேத்தரினா. இளஞ்சிவப்பில் நெளிநெளியாகக் கோலம் போட்டது போல இருந்தால் டோனிசெல்லா. அழகுப் போட்டி வைத்தால் பரிசு இதற்குத்தான். ‘கம்பூட்’ கைட்டன் மட்டும் தனி ரகம். செங்கல் நிறத்தில் ஓர் அடிக்கும் மேலாக வளரக்கூடியது. எட்டுத் தகடுகளையும் தோலுக்குள்ளேயே ஒளித்து வைத்திருப்பதால், உலகின் மிகப் பெரிய கைட்டனான இதைப் பார்த்து யாரும் புதைபடிவம் என்று ஏமாறுவதில்லை. ஏமாறுவதெல்லாம் அது இறந்த பிறகுதான்! தோல் அழுகியதும் உள்ளிருந்த தகடுகள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கும். ஏதோ ஆதிகால விலங்கின் எலும்பு போலத் தெரியும் அவற்றுக்கு, இறக்கை விரித்த வடிவத்தால் ‘பட்டாம்பூச்சி ஓடு’ என்று பெயர். பட்டாம்பூச்சி ஊருக்குப் பொருத்தமான பெயர்தான்.

கைட்டனின் சாப்பாடு, பாறையில் படிந்த பாசி. அதைச் சுரண்டுவதற்கு நாக்கில் வரிசையாகப் பற்கள். அந்தப் பற்களின் மேல் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது பூசியிருப்பதை 1962-ல் ஹைன்ஸ் லோவன்ஸ்டாம் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் பல் நகர்ந்து வரும். பாறையையே தேய்க்கும் வேலை என்றால் சாதாரணப் பல் தாங்குமா?

‘கல்தானே’ என்று நினைத்துப் பெயர்த்து எடுப்பதில்தான் ஆபத்து. கத்தியோ சாவியோ கொடுத்து நெம்பினால் அடித் தசை கிழிந்துபோகும். காயமில்லாமல் வந்தாலும், தொட்ட மரவட்டை போலச் சுருண்டுகொள்ளும். மறுபடி பாறையைப் பிடிப்பதற்குள் கடற்காகத்துக்கு இரையாகிவிடலாம். கம்பூட் 20 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. அத்தனை வயதும் ஒரு நினைவுப் பொருள் ஆசையில் போய்விடும். இது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்பதால், உயிரினங்களை எடுத்துச் செல்வதற்குத் தடையும் உண்டு. புரட்டிப் பார்த்த சிறு கல்லை அப்படியே திருப்பி வைப்பது நல்லது. அதன் அடியிலும் சில குடித்தனங்கள் இருக்கும்.

இந்தக் கரையில் கடல் வெகுவாக உள்வாங்குவது கோடையில் விடியற்காலையில், குளிர்காலத்தில் பிற்பகலில். ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் முழுதாக வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடலாம். பாசி வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ அவசியம். குட்டைக்குள் எவ்வளவு சுவாரஸ்யம் இருந்தாலும், அலைக்கு முதுகைக் காட்டி மட்டும் உட்காரக் கூடாது.