இரண்டு கறவைக்கு நடுவே ஒரு சுற்றுலா

கேள்வி: "பென்னலூரில் ஒன்றரை ஏக்கர் நெல்லும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கிறோம். வரும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகும்படி பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். மாட்டையும் பயிரையும் விட்டுவிட்டு எப்படிப் போவது? செலவை எப்படிச் சமாளிப்பது? எங்களைப் போன்ற வீட்டுக்கு இதெல்லாம் தேவையா, ஐயா?"
– வாசகி ஒருவர், ஸ்ரீபெரும்புதூர் வட்டம்

பூச்சி, உரம், மானியம் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே இந்தக் கடிதம் வந்தது. இதுவும் பண்ணை நிர்வாகம் பற்றிய கேள்விதான் அம்மா. ஆடி மாதத்திலேயே கேட்டுவிட்டீர்கள் என்பது இன்னும் நல்லது. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தேவை. ஏன் என்பதையும், எப்படி என்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஒரே ஊரில் இரண்டு கடிகாரம்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் நடுவே இருக்கிறது பென்னலூர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் முதல் கார்கள் வெளியே வந்தன. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசை கட்டின. விடிகாலையில் நீங்கள் மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது ஷிப்ட் பஸ்கள் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். வரப்பில் நின்றால் கம்பெனிக் கூரை தெரியும்.

தொழிற்சாலைக் கடிகாரத்தில் விடுமுறை உண்டு. வாரம் ஒரு நாள் ஓய்வை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே கட்டாயமாக்கிவிட்டது. மாட்டின் கடிகாரத்தில் அப்படி எதுவும் இல்லை. தீபாவளியானாலும் கறக்க வேண்டும். கல்யாணமானாலும் கறக்க வேண்டும்.

இரண்டு கடிகார வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் "லீவுக்கு எங்கே போனீங்க?" என்ற பேச்சுதான் முதலில் வரும். "எங்கேயும் போகல, மாடு இருக்கு" என்று நான்கு வருடம் சொன்ன பிள்ளை, விவசாயம் என்றால் லீவே கிடையாது என்ற முடிவுக்குப் பத்து வயதிலேயே வந்துவிடும். இளைஞர்கள் ஏன் விவசாயத்தை விட்டுப் போகிறார்கள் என்று எங்கள் துறையில் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். விலை, தண்ணீர், ஆள் கூலி என்று காரணங்களை அடுக்குகிறோம். எல்லாம் உண்மை. ஆனால் பிள்ளைகள் மனதில் இந்தக் காரணம் அவற்றுக்கெல்லாம் முன்பே விழுந்துவிடுகிறது. வருடத்தில் ஒரு நாளை அவர்களுக்கு ஒதுக்கினால் அதை மாற்றிவிடலாம்.

காணும் பொங்கல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது நம்முடைய நாள்தான். ஆனால் அறுவடை, களம், கொள்முதல் நிலையம் என்று பல வீடுகளில் அன்றைக்கும் ஆள் கிடைப்பதில்லை. அரையாண்டு விடுமுறையில் நமக்குத் தோதான நாளை நாமே தேர்ந்துகொள்ள முடியும்.

எந்தப் பூங்கா?

உங்களுக்கு மிக அருகில் இருப்பது பழஞ்சூரில் உள்ள குயின்ஸ்லேண்ட். அதே நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, தண்டலம் தாண்டிப் பூந்தமல்லிக்கு முன்பாகவே வந்துவிடும். பென்னலூரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். ஸ்ரீபெரும்புதூர்–பூந்தமல்லி பஸ்ஸில் போய்விடலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது.

இரண்டாவது, திருப்போரூர் அருகே இள்ளலூரில் இருக்கும் வொண்டர்லா. 2025 டிசம்பர் 2 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத் ஊர்களில் பூங்கா நடத்தும் நிறுவனம்தான். ஒரகடம், சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாகப் போனால் 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெரியவர் கட்டணம் திறந்தபோதே 1,500 ரூபாயை ஒட்டி இருந்தது. பெரிய ராட்டினங்கள் வேண்டும் என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். மாடு வைத்திருப்பவர்களுக்கு நேரம் இடிக்கும்.

மூன்றாவது, செலவு கட்டுப்படியாகாத ஆண்டுக்கு வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. ராட்டினம் இருக்காது, ஆனால் சிறு பிள்ளைகளுக்கு யானையும் புலியும் குறைந்தவையல்ல. செவ்வாய்க்கிழமை வார விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் வீட்டு நிலைக்கு என் ஓட்டு பழஞ்சூருக்குத்தான். காரணம் தூரம் மட்டும்தான்.

விதைக்கும்போதே லீவைக் குறியுங்கள்

பயணத் தேதியை முடிவு செய்வது டிசம்பரில் அல்ல, சம்பா விதைக்கும் நாளில். ஆகஸ்ட் 15-இல் விதைத்த 135 நாள் ரகம் டிசம்பர் 28-இல் அறுவடைக்கு நிற்கும். அந்த வாரத்தில் நீங்கள் எங்கேயும் நகர முடியாது. அதையே ஆகஸ்ட் 27-இல் விதைத்தால் ஜனவரி 9-இல் அறுவடை. மழைக்காலம் ஓய்ந்து அறுப்பதும் நெல்லுக்கு நல்லது.

இந்தக் கணக்குப்படி டிசம்பர் 10-ஐ ஒட்டிப் பூக்கும்; அடுத்த பத்துப் பன்னிரண்டு நாள் பால் பிடிக்கும். அப்போதுதான் கதிர்நாவாய்ப்பூச்சி வரும். காலையிலோ மாலையிலோ வயலில் இறங்கி எண்ணிப் பாருங்கள். பூக்கும்போது 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பிடித்த பிறகு 100 கதிருக்கு 16 பூச்சி என்பது மருந்தடிக்க வேண்டிய அளவு. மார்கழிப் பனியில் கதிரின் கழுத்தில் குலைநோய் தென்படுகிறதா என்றும் பாருங்கள். இந்தப் பார்வையை 22-ஆம் தேதிக்குள் முடித்துவிட்டால், கடைசி வாரத்தில் பயிர் முற்றிக்கொண்டிருக்கும். அறுவடைக்குப் பத்து நாள் முன்பு தண்ணீரை வடிக்க வேண்டும். அதற்கு முன்பு ஒரு நாள் நீங்கள் இல்லாவிட்டால் வயல் கோபித்துக்கொள்ளாது.

நவரைக்கும் இதிலேயே இடம் வைத்துவிடுங்கள். குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள் நாற்று வேண்டும். ஜனவரி 20-ஐ ஒட்டி நடுவதென்றால் டிசம்பர் 30, 31-இல் நாற்றங்கால் விதைப்பு. ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால், 24 கிலோ விதை. விதைத்த முதல் ஐந்து நாள் தண்ணீர் கட்டுவதும் வடிப்பதுமாக வேலை இருக்கும். ஆகவே போய்வந்த பிறகுதான் விதையை ஊறப்போட வேண்டும்.

அப்படியானால் உங்கள் நாள் டிசம்பர் 26 முதல் 29-க்குள் வரும் ஒரு வேலைநாள். கிறிஸ்துமஸ் அன்றும், ஞாயிறன்றும், 31-ஆம் தேதியும், புத்தாண்டன்றும் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் வரிசை நீளும். சில பூங்காக்கள் அந்த நாட்களில் கட்டணத்தையும் கூட்டுகின்றன. தேர்ந்த நாள் அந்தப் பூங்காவின் வார விடுமுறையா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு யார்?

காலை ஐந்தரைக்குக் கறந்து, ஏழு மணிக்குள் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பினால் பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். மாலை நான்கு மணிக்கு வெளியே வந்தால் ஐந்தரைக்குள் வீடு. இரண்டு கறவைக்கும் நீங்களே இருப்பீர்கள். நடுவில் தண்ணீர் காட்டவும் தீவனம் போடவும் மட்டும் பக்கத்து வீட்டில் ஒருவர் போதும். ஒரு கறவை மாடு நாளொன்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும். தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். தீவனத்தை இரண்டு பங்காகப் பிரித்து எடுத்து வைத்துவிடுங்கள்.

மாலையில் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அதற்காகத்தான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நான்கு நாள் முன்பிருந்தே உங்களோடு தொழுவத்துக்கு வந்து ஒரு வேளையாவது கறக்க வேண்டும். புதுக் கைக்கு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். பழகிய கைக்கு விடும். பதிலுக்கு அவர்கள் வீட்டு மாட்டை இன்னொரு நாள் நீங்கள் பாருங்கள். அவர்கள் பிள்ளைகளும் ஒரு நாள் வெளியே போய்வரட்டும். கிறிஸ்துமஸ் விளக்குகளையும் மாலை நிகழ்ச்சிகளையும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், இந்த ஏற்பாடு இருந்தால்தான் முடியும்.

காலையில் மாடு சினைப்பருவ அறிகுறி காட்டினாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சினை ஊசி மாலையில் போடுவதுதான் சரி. கன்று ஈனப் பத்து நாளுக்குள் இருக்கும் மாடு வீட்டில் இருந்தால் மட்டும் தள்ளிப்போடுங்கள். மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் கிளம்பும்போது அணைத்துவிடுங்கள்.

வீட்டுக் காவலுக்குப் பாட்டி இருப்பார் என்று நீங்களாகவே முடிவு செய்யாதீர்கள். "நீங்களும் வர்றீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ராட்டினத்தில் ஏறாவிட்டாலும் பேரப்பிள்ளைகள் ஏறுவதைப் பார்ப்பதே அவருக்கு ஒரு சுற்றுலா.

பணம்

நான்கு பேருக்கு 5,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டுக்கொள்ளுங்கள். சிறிய தொகை அல்ல. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார்கள். ஆக, இரண்டு குவிண்டால் நெல்லைத்தான் அன்றைக்குச் செலவழிக்கிறீர்கள். அதனால்தான் இதைக் கடன் வாங்கியோ நகையை வைத்தோ செய்யக்கூடாது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்றார்கள். மார்கழிச் செலவுக்கும் ஆடியிலேயே விதைக்கலாம். ஆடி முதல் தேதியிலிருந்து மார்கழி பத்து வரை ஏறக்குறைய 160 நாள். பால் பணத்தில் நாளுக்கு 30 ரூபாய் உண்டியலில் போட்டால் 4,800 ரூபாய். உண்டியலில் போடும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். ஒரு லிட்டர் பாலின் விலை என்ன என்பது அவர்களுக்கு அப்படித்தான் புரியும்.

பல பூங்காக்களில் பிள்ளைகளுக்கு வயதைப் பார்ப்பதில்லை. உயரத்தை அளந்துதான் கட்டணம் போடுகிறார்கள். வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் அடையாள அட்டையை எடுத்துப் போகட்டும், சலுகை கிடைக்கலாம். ஆன்லைனில் முன்பதிவு செய்யும் முன், மழை வந்தால் தேதி மாற்றித் தருவார்களா என்று பாருங்கள்.

உள்ளே போன பிறகு

தண்ணீர் விளையாட்டுகளுக்குப் பருத்தித் துணியை அனுமதிப்பதில்லை. அங்கே வாடகைக்கு எடுத்தால் தனிச் செலவு. முன்பே மலிவான நைலான் உடை வாங்கிவிடுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். காலையில் வயிறாரச் சாப்பிட்டுப் போனால் மதியம் ஒரு வேளைச் செலவோடு முடியும். மார்கழிக் குளிர் என்பதால் முதலில் ராட்டினங்கள், வெயில் ஏறிய பிறகு பன்னிரண்டு முதல் இரண்டு மணிக்குள் தண்ணீர். வீசிங் உள்ள பிள்ளைக்குத் தண்ணீர் விளையாட்டு வேண்டாம். கர்ப்பிணிகளும், இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் வேக ராட்டினங்களில் ஏறக்கூடாது.

2025 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்திலேயே நின்றுவிட, 30 பேருக்கு மேல் தீயணைப்புத் துறையினர்தான் இறக்கினார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெல்ட்டும் பூட்டும் சரியாக விழுந்ததா என்று நீங்களே இழுத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பயமாக இருந்தால் வற்புறுத்தாதீர்கள்.

திரும்பும் வழியில் ஒரு பாடம்

சாலையின் தென்புறம் செம்பரம்பாக்கம் ஏரி. ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னை குடிக்கும் தண்ணீர் இது. சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீரும் இங்கே வந்து சேர்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு கதையும் சொல்லலாம். உலகப் புகழ் பெற்ற டிஸ்னிலேண்ட் 1955-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திறந்தபோது, அது எழுந்த இடம் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பு. அதற்குப் பக்கத்து ஊரில் வால்டர் நாட் என்ற விவசாயி குத்தகை நிலத்தில் பெர்ரிப் பழம் பயிரிட்டுச் சாலையோரம் விற்றார். அவர் மனைவி கோர்டெலியா 1934-இல் தங்கள் கல்யாணத் தட்டுகளில் கோழிக்கறிச் சாப்பாடு பரிமாறத் தொடங்கினார். சாப்பிடக் கூட்டம் வரிசையில் நின்றது. காத்திருப்பவர்களுக்குப் பொழுதுபோக 1940-இல் பழங்கால ஊர் ஒன்றை நாட் அமைத்தார். அதுதான் வளர்ந்து இன்றைக்கு நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பெரிய தீம் பார்க். தோப்பு போன இடத்தில் ஒரு பூங்கா. தோட்டக்காரர் தாமே நடத்திய இன்னொரு பூங்கா. இரண்டையும் சொல்லிவிட்டு, நம் நிலத்தில் என்ன செய்யலாம் என்று பிள்ளைகளையே கேளுங்கள். இந்தத் தொழிற்சாலைப் பகுதியில் ஞாயிறு காலையில் குழந்தைக்குக் கன்றுக்குட்டியைக் காட்ட ஆசைப்படும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: உண்டியல் ஒன்று வாங்குங்கள், சம்பா விதைப்புத் தேதியைக் காலண்டரில் வட்டமிடும்போது, டிசம்பர் பக்கத்தையும் திருப்பி இன்னொரு வட்டம் போடுங்கள். அந்த இரண்டாவது வட்டத்தைப் பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள். போய்வந்ததும் என்ன செலவானது, மாடு எவ்வளவு கறந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.