பந்தல் கால் மண்ணோரம் மட்டும் ஏன் மக்குகிறது?



நம்ம பக்கம் தோட்டம் உள்ள வீட்டில் அவரையோ, பாகலோ, சுரையோ ஒரு பந்தல் கட்டாயம் இருக்கும். கால் எல்லாம் சவுக்குக் கம்புதான். எங்கள் ஆயா அவரைக்காய் பறித்துத் திண்டிவனம் மார்க்கெட்டில் விற்கும். அந்தக் காசில்தான் எனக்கு நோட்டு, பேனா, தீபாவளித் துணி எல்லாம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. எங்கள் பந்தல் பூவும் பிஞ்சுமாகப் படுத்துவிட்டது. "காத்துல விழுந்துடுச்சு" என்றார் அப்பா. ஆயா ஒடிந்த கால்களை வரிசையாகப் போட்டு, "எல்லாக் காலும் மண்ணோரமாவே ஒடிஞ்சிருக்கு பாருடா" என்று சொல்லிச்சு. அந்த இடத்தைக் கிள்ளினால் பஞ்சு மாதிரி வந்தது. மேல் பாகமும் அடி நுனியும் கெட்டியாகவே இருந்தன.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். மரத்தைத் தின்பது தண்ணீர் இல்லையாம், பூஞ்சையாம். அதற்கு ஈரமும் காற்றும் சேர்ந்து வேண்டும். மேலே காற்று உண்டு, ஆனால் வெயிலில் ஈரம் காய்ந்துவிடும். ஆழத்தில் ஈரம் உண்டு, காற்று குறைவு. மண்ணோரத்தில்தான் இரண்டும் இருக்கு. நம் மாவட்டத்துத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன அல்லவா? அவை மணலில் புதைந்து காற்றுப் படாமல் போனதால்தான் மக்காமல் தப்பின என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது!

அப்புறம் எங்கள் வீட்டில் செய்தது:

1. கம்பின் பட்டையை உரித்து, நன்றாகக் காயவைத்தோம். பட்டைக்குள் ஈரமும் கரையானும் தங்கும்.

2. மேல் நுனியைச் சாய்வாக வெட்டிக் கொட்டாங்குச்சி கவிழ்த்தோம். மழைநீர் உள்ளே இறங்காது.

3. கம்பை மண்ணில் நடவில்லை. இடிந்த மாட்டுக் கொட்டகையின் கல்கால் துண்டுகளை இரண்டடி ஆழம் நட்டு, மண்ணில் படாமல் கம்பை அதோடு கம்பியால் கட்டினோம். "கல்லுக்குக் காசு ஏது?" என்று கேட்ட அப்பாதான் கடைசியில் குழி தோண்டினார்.

4. கல்லைச் சுற்றி மண் அணைத்து, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு வைத்தோம்.

கல் கிடைக்காதவர்கள் கம்பின் அடியில், மண்ணுக்கு மேல் ஒரு சாண் வரைக்கும் தார் பூசிக் காயவைத்து நடலாம். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் மரத்துக்கு நல்லது. ஆனால் கையில் பட்டால் புண்ணாகும். பெரியவர்கள்தான் பூச வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலைக் காய்கறித் தோட்டத்தில் ஊற்றாதீர்கள், மண் கெட்டுப்போகும். பாலிதீன் பை சுற்றுவதும் வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

தோழிகளே, ஆடியில் விதை ஊன்றுமுன் உங்கள் வீட்டுப் பந்தல் காலை மண்ணோரம் ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் உடனே மாற்றச் சொல்லுங்கள். கொடி ஏறின பிறகு கால் மாற்ற முடியாது.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி