என்ன ஆசிட், எத்தனை பர்சன்ட்?

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கும் நண்பர்தான் அவரைப் பற்றிச் சொன்னார். கிணற்று மோட்டாருக்குப் பேர்போன கோயமுத்தூரில் ரசாயனம் இறைக்கும் பம்பை மட்டுமே தொடும் மெக்கானிக். கணபதிப் பகுதியில் ஒரு சந்துக்குள் தகரக் கொட்டகை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், சுவரோரம் பிரித்துப் போட்ட பம்புகள்.

போனதும் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். விளிம்பெல்லாம் செல்லரித்த ஏடு போல இருந்தது. நடுவில் விரல் நுழையும் ஓட்டை.

"316 எஸ்.எஸ்.ங்க. நல்ல சரக்குதான். எட்டு மாசம்கூட தாங்கலீங்க."

உள்ளே ஓடியது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். எஸ்.எஸ். என்கிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதே அதன் மேல் தானாக உண்டாகும் குரோமியம் ஆக்சைடுப் படலத்தால்தான். குளோரைடு முதலில் குத்துவதும் அந்தப் படலத்தைத்தான். சாதாரணச் சூட்டில் இருக்கும் இதே ஆசிட்டுக்குப் பாலிபுரொப்பிலீன் பம்ப் போதும். பட்டறைப் பேச்சில் 'பிபி'. "பிளாஸ்டிக்குன்னா மட்டம், ஸ்டீல்னா ஒசத்தின்னு ஒரு நெனப்பு. ஆசிட்டுக்கு அது தெரியுமுங்களா?" சூடு 60 டிகிரியைத் தாண்டினால் மட்டும் பிபியை நம்ப மாட்டாராம், பி.வி.டி.எஃப். என்ற வேறு பிளாஸ்டிக்கைக் கேட்பார். அது விலை அதிகம்.

கந்தக அமிலத்தின் கதை நேர் தலைகீழ். 98 சதவீத அமிலத்தைச் சாதா இரும்புத் தொட்டியிலேயே வைக்கிறார்கள். இரும்பு சல்பேட் மேலே படிந்து அடியில் உள்ள இரும்பைக் காக்கிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து நீர்த்துவிட்டால் அதே அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். கூடவே ஹைட்ரஜனும் கிளம்பும். பம்பைக் கழுவுகிறேன் என்று அரைகுறையாகத் தண்ணீர் விட்டு மூடிவைப்பவர்களை அவர் திட்டுவது இதனால்தான். தொட்டிக்குச் சரியான இரும்பு பம்புக்குச் சரிவராது என்பதும் உண்டு: இம்பெல்லர் சுற்றும் வேகத்தில் அந்தப் படலம் நிற்காமல் உரிந்துவிடும். அதற்கென்றே 'அலாய் 20' என்ற உலோகம் இருக்கிறது.

மோட்டார் அலைன்மென்ட்டைப் பற்றியும் விளக்கினார். எனக்கு ஏறவில்லை. ஓ-ரிங் விஷயம் ஏறியது. கேசிங், ஷாப்ட், சீல் எல்லாம் சரியாக இருந்தும் சின்ன ரப்பர் வளையம் ஒன்று தப்பாகப் போனால் பம்ப் ஒழுகும். காஸ்டிக் சோடாவுக்கு விட்டான் ரப்பர் ஆகாது, இ.பி.டி.எம். ரப்பர் வேண்டும். எண்ணெய் என்றால் இ.பி.டி.எம். ஊதிப்போகும், விட்டான்தான். இரண்டுமே கறுப்பில் வருவதுண்டு. அப்படிப் பெட்டியில் கலந்துவிட்டால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

பையனாக இருந்தபோது வார்ப்பாலையில் மண் சலித்தவர். வார்ப்பு, கடைசல், ஃபிட்டிங் என்று ஒவ்வொன்றாகக் கைவந்து இங்கே வந்து நின்றிருக்கிறார். வலது மணிக்கட்டில் வெளிறிய தழும்பு. ஆசிட்டா என்றேன். "காஸ்டிக்குங்க. ஆசிட் பட்டா சுருக்குனு எரியும், உடனே தண்ணிக்கு ஓடுவோம். காஸ்டிக் சோப்புத் தண்ணி மாதிரி வழவழன்னு இருக்கும். எரிச்சல் தெரியறப்ப உள்ள போயிருக்கும்." சீல் தேய்ந்திருந்த பம்ப். மாற்றச் சொல்லிக் கேட்டும் முதலாளி அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருந்தாராம்.

அவர் மேஜை டிராயரில் ஒரு காந்தம், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன மருந்துப் புட்டி. விலை குறைந்த எஸ்.எஸ். ரகமான 304க்கும் 316க்கும் பெரிய வித்தியாசம் 316இல் இருக்கும் இரண்டு மூன்று சதவீத மாலிப்டினம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. காந்தமும் உதவாது, வார்ப்பில் இரண்டுமே லேசாக இழுக்கும். அதனால் உலோகத்தில் ஒரு சொட்டு மருந்து வைத்துப் பேட்டரியைத் தொடுவிக்கிறார். மாலிப்டினம் இருந்தால் சொட்டின் நிறம் மாறும். மாறாதவற்றைத் தனியே அடுக்கி வைத்திருந்தார். எல்லாமே பில்லில் 316.

ஒரு மனிதர் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துகொண்டு மூன்று இலக்கங்களில் இரண்டை மாற்றி எழுதி லாபம் பார்க்கிறார். பம்பைக் கண்ணால்கூடப் பார்க்காத தரகர். வாங்குகிறவரும் மூன்று கொட்டேஷனில் குறைந்ததை டிக் செய்வதோடு சரி. எந்தத் திரவம், என்ன சூடு என்று யாரும் கேட்பதில்லை. மிச்சம்பிடித்த பணம் இரண்டு பேர் கணக்கில் ஏறுகிறது. வெடித்த சீலுக்கு எதிரே நிற்கும் ஆபரேட்டரோ ஒப்பந்தக் கூலி. அவர் கண்ணுக்கு ஒன்று ஆனால் அது எந்தக் கொட்டேஷனிலும் வராது. இதைத் திருட்டு என்று சொல்லாமல் வியாபாரம் என்று சொல்லப் பழகியிருக்கிறோம்.

மெக்கானிக் அண்ணன் இவ்வளவு கோபப்படவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்தது. ஆசிட் பம்ப் வேண்டும் என்று யாரோ போனில் கேட்க, "என்ன ஆசிட்டுங்க? எத்தனை பர்சன்ட்? சூடு எவ்வளவு? மண்ணு, உப்புக்கல் எதாச்சும் வருமா? கழுவ என்ன ஊத்துவீங்க?" என்று வரிசையாகக் கேட்டார். எதிர்முனை பொறுமையிழந்து விலையை மட்டும் கேட்டிருக்க வேண்டும். "வெலைய இதெல்லாம் தெரிஞ்சாத்தானுங்க சொல்ல முடியும்" என்று வைத்துவிட்டார்.

அதற்குள் ஒரு ஆட்டோவில் ரிப்பேருக்கு பம்ப் ஒன்று வந்தது. எதை இறைத்தது என்ற சீட்டு இல்லை. கொண்டுவந்த பையனுக்கும் தெரியவில்லை. "இங்கயே எறக்காத தம்பி. வண்டிய விட்டுத் தள்ளி நில்லு, நட்டு எதையும் தொடாத" என்று அவனைத் தடுத்துவிட்டு, கம்பெனி நம்பரைக் கேட்டு வாங்கினார்.