தேறினாளா, தவறினாளா?

சென்ற விடுமுறையில் ஒருநாள் மாலை, சாய்ந்தமருதிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். எம்மோடு பல்லாண்டு கற்பித்தவர். எந்நேரமும் சிரித்த முகத்தினர். அன்று அம்முகம் வாடியிருந்தது. பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவம் பயிலும் அவருடைய மகள், வைத்தியசாலைப் பயிற்சிக்குச் செல்லுமுன் நடைபெறும் செய்முறைப் பரீட்சையில் தவறிவிட்டாளாம்.

"எழுத்துப் பரீட்சையில் எண்பதுக்கு மேல் வாங்கிய பிள்ளை. சக்கர நாற்காலியின் பிறேக்கைப் பூட்டாமல் நோயாளியை எழுப்பப் போனாளாம். அந்த ஒன்றுக்காகப் பிள்ளையை நிறுத்தி வைப்பதா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் நண்பர்.

உண்மையைச் சொன்னால், எமக்கும் அது கொடுமையாகவே பட்டது. இருபதாண்டுகளாக விடைத்தாள் திருத்தும் கை எம்முடையது. நாலாம் வினாவில் சறுக்கியவன் ஐந்தாம் வினாவில் ஈடுசெய்துகொள்வான். நாமும் தொகையைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிடுவோம். அவன் எழுதாமல் விட்ட விடையால் எவருடைய எலும்பும் முறிவதில்லை அன்றோ?

தேநீர் கொண்டுவந்த மகளிடமே அப்பரீட்சையைப் பற்றி விசாரித்தோம். மண்டபத்தில் வரிசையாகச் சிறு நிலையங்கள். மணி அடித்ததும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகவேண்டும். ஓரிடத்தில் முழங்கால் மடியும் அளவை அளத்தல். ஓரிடத்தில் நோயாளியாக நடிப்பவரிடம் நோவின் வரலாற்றைக் கேட்டறிதல். ஓரிடத்தில் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுதல். எல்லோருக்கும் அதே பணி, அதே நேரம், அதே புள்ளிப் பட்டியல். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்னும் மருத்துவ ஆசிரியரும் அவர்தம் குழுவினரும் 1975இல் வெளியிட்ட முறை இது. பின்னர் 1990இல் ஜோர்ஜ் மில்லர் என்னும் அமெரிக்கர் திறனை நான்கு படிகளாக வகுத்தார்: அறிதல், செய்யும் வகையை அறிதல், செய்து காட்டுதல், பணியிடத்தில் உண்மையாகவே செய்தல். எம்முடைய வினாத்தாள்கள் முதலிரண்டு படிகளோடு களைத்துவிடுகின்றன. இவள் இடறியது மூன்றாவதில். நாலாவதில் எதிரே இருப்பவர் நடிகரல்லர்.

"சில பிழைகளுக்குப் புள்ளி குறைப்பதில்லை, சேர். அந்த நிலையத்திலேயே தவறியதாக எழுதிவிடுவார்கள்" என்றாள். குரலில் மனத்தாங்கல் இல்லை.

அவ்வீட்டில் அவளுடைய மாமாவும் இருந்தார். காலமெல்லாம் கரைவலை இழுத்த உடம்பு. பாரிசவாதத்தால் இடக்கை துவண்டு தொங்கியது. கதிரையில் அமர்ந்தே தொழுகிறார். மீண்டும் ஒருநாள் சஜ்தாவில் நெற்றி நிலத்தில் படவேண்டும் என்பது அவர் ஆசை. எந்தப் புள்ளிப் பட்டியலில் அதற்கு இடமுண்டோ!

மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. ஒளுச் செய்வதற்காக அவரை எழுப்ப ஓடிவந்த தம்பி, அந்த இடக்கையையே பற்றி இழுக்கப் போனான்.

"கையை விடு!" என்று பாய்ந்து தடுத்தாள் அவள். தோளைத் தாங்கும் தசைகள் சோர்ந்திருக்கையில் கையை இழுத்தால் மூட்டு கீழே நழுவும், நோவு நிலைத்துவிடும் என்று விளக்கினாள். பிறகு மாமாவின் முன் குனிந்து, "எழும்புவோமா, மாமா?" என்று கேட்டு, அவர் தலையசைக்கும்வரை காத்திருந்தாள். (எம்மை மருந்துக் கட்டிலில் புரட்டியவர்களில் ஒருவரேனும் அப்படிக் கேட்டதாக நினைவில்லை.) அவருடைய பாதங்களைச் சற்றே பின்வாங்கி ஊன்றச் செய்தாள். அரையில் கைகொடுக்கப் போனவள், சட்டென நின்று கதிரையைப் பார்த்தாள். அது வெறும் பிளாஸ்டிக் கதிரை. பூட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. தம்பியைப் பின்னால் போய்க் கதிரையை இறுகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் பிடித்தானா என்று கைவைத்து அசைத்தும் பார்த்தாள். அதன் பின்னரே மாமாவை முன்னால் சாயச் சொன்னாள். அவர் எழுந்தார்.

நண்பர் வாசற்படியில் நின்று இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா சுவரோரமாக நடந்து கிணற்றடிக்குப் போன பிறகு மெல்லக் கேட்டார்:

"மறுபரீட்சை எப்போது, மகள்?"

"அடுத்த மாதம், வாப்பா."