சோழபுரம் பக்கத்துத் துணிக் கணக்கு

ராஜபாளையத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் துணிதான். சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணியை விசைத்தறிகள் ஓயாமல் நெய்து தள்ளுகின்றன. தளவாய்புரத்திலும் செட்டியார்பட்டியிலும் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் பக்கம் கைத்தறிச் சேலை. ராஜபாளையம் ஊருக்குள்ளே, 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய மில்லும் அதன் வழியில் வந்த நூற்பாலைகளும். ஒரு தடவை சுற்றிவிட்டுத் தூக்கிப் போடுகிற துணியும் பெண்ணுக்குப் பெண் கைமாறுகிற சேலையும் இத்தனை பக்கத்தில் பிறக்கிற இடம் வேறு இருக்கிறதா தெரியவில்லை. ஃபாஸ்ட் ஃபேஷனுக்கு மாற்று என்று நகரத்தில் பேசுகிறார்களே, அதன் கணக்கை இங்கே பார்ப்போம் என்றுதான் ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரம் போனேன்.

முதலில் ஒரு நைட்டிக் கூடம். பெரிய ஹால் எல்லாம் இல்லை. வீட்டின் பின்கட்டை நீட்டி மேலே தகரம் போட்டிருக்கிறார்கள். நீள மேசையில் துணியை மடிப்பு மடிப்பாக விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, கட்டிங் மெஷினை ஓட்டினால் ஒரே வெட்டில் ஒரு கட்டு கழுத்து, ஒரு கட்டு கை. ஓவர்லாக் அடிக்கிற அக்கா தலையை நிமிர்த்தாமலே பேசினார். "டிசைன் மாறிக்கிட்டே இருக்கும் தம்பி. போன தீபாவளிக்கு வந்த பிரிண்டை இந்தப் பொங்கலுக்குக் கொடுத்தா யாவாரி வாங்க மாட்டாரு." கூலி பீஸ் ரேட். சனிக்கிழமை கையில் காசு.

நைட்டியை ஃபாஸ்ட் ஃபேஷன் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவள் அதைச் சாயம் வெளுக்கிற வரை உடுத்துகிறாள். பிறகு அது அடுப்பங்கரையில் கரித்துணி, அப்புறம் தரை துடைக்க. ஒரு துணி எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதை உடுத்துகிறவரின் பழக்கமும் தீர்மானிக்கிறது. ஃபாஸ்ட் ஃபேஷனின் வேகம் என்னவென்று பார்த்திருக்கிறோம்: மேற்கத்தியக் கடைகளுக்கு அவசர ஆர்டர் தைத்த கூடங்கள் இருந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரலில் டாக்கா அருகே இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். நம் திருப்பூரில் சாயக்கழிவு நொய்யலை நாசமாக்கியதில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல வேண்டிவந்தது. அந்த வேகம் வேறு. ஆனால் டிசைனை மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லும் நெருக்கடி இந்தத் தகரக் கூரைக்குக் கீழும் வந்துவிட்டது.

அங்கிருந்து ஒரு தறி வீடு. முன்னறையில் குழித்தறி. நான் போனபோது நெசவு ஓடவில்லை, பாவு (தறியின் நீளவாட்டு இழைகள்) பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய பாவு தீரும்போது அதன் நுனிகளை அச்சுக்கும் விழுதுக்கும் பின்னால் அப்படியே விட்டுவைக்கிறார்கள். புதுப் பாவின் இழை ஒன்று, பழையதன் நுனி ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாம்பல் தொட்டு ஒரு திருகு. முடிச்சு கிடையாது, முடிச்சு விழுந்தால் அச்சில் சிக்கும். ஒரு சேலை அகலத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல் இழை. பிணைத்துக்கொண்டிருந்த அம்மா கண்ணால் பார்ப்பதாகவே தெரியவில்லை. விரல் தடவி எடுக்கிறது, திருகுகிறது, விடுகிறது. நான் ஒன்று முயன்றேன். இழுத்ததும் கழன்று வந்தது. "கூச்சப்படாம அழுத்தணும்" என்றார்.

இந்த வேலைக்கு ஒரு நாள் போய்விடும். அதற்கு முன் பாவுக்குக் கஞ்சி போட வேண்டும்: தெருவில் பாவை நீட்டிக் கட்டி, வெயில் ஏறுமுன் அரிசிக் கஞ்சியைத் தேய்த்து உலர்த்துகிற வேலை. மழை வந்தால் நின்றுபோகும். சிட்ட நூலைத் தாரில் சுற்றுவது வீட்டில் சும்மா இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களின் வேலை. கூலியோ நெய்து முடித்த சேலைக்கு. "பாவு பிணைக்கிறதுக்குத் தனியா என்ன தாராங்க?" என்று கேட்டேன். அந்த வீட்டு நெசவாளி அண்ணாச்சி சிரித்தார். "அதெல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்."

ஆக, இங்கேயும் பீஸ் ரேட்தான். வேகமான துணிக்கும் நிதானமான துணிக்கும் கூலி போடுகிற முறை ஒன்றே. நைட்டிக் கூடத்தில் மெஷின் நின்றால் பெரும்பாலும் கரண்ட் இல்லாததுதான் காரணம். தறியில் துணி வளராத நாட்கள் தொழிலிலேயே உள்ளவை, அவற்றுக்குச் சம்பளம் இல்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பதாக வந்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த வீட்டு மருமகள் தளவாய்புரத்துக்கு நைட்டி தைக்கப் போகிறார். சனிக்கிழமைக் காசில்தான் மளிகை.

பஞ்சிலும் வேகத்துக்குத்தான் முதலிடம். இந்தக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைந்தது கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி. 1901-ல் ஏற்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து கே வரிசை ரகங்களைத் தேர்ந்து கொடுத்தது. வறட்சி தாங்கும், சாறுறிஞ்சும் பூச்சியும் அதிகம் அண்டாது; மருந்துச் செலவு குறைவு. ஆனால் இழை குட்டை. வேகமாகச் சுற்றும் மில் கதிருக்கு நீள இழைதான் ஒத்துவரும். கைராட்டைக்குக் குட்டை இழை போதும். மில்லுக்கு ஏற்ற பருத்தி வந்ததும் கருங்கண்ணி ஒதுங்கியது. சென்னையிலிருந்து இயங்கும் ‘துலா’ அமைப்பு மாதிரியானவர்கள் மானாவாரி நாட்டுப் பருத்தியை இயற்கை விவசாயிகளிடம் வாங்கி, கையால் நூற்று நெய்து, இயற்கைச் சாயமேற்றி விற்கிறார்கள். சட்டை விலை கூடத்தான். நெய்கிறவர், நூற்கிறவர், விளைவிக்கிறவர் மூவருக்கும் முறையாகக் கொடுத்தால் விலை அதுதான் வரும். மலிவாகக் கிடைக்கிற துணியில் யாரோ ஒருவர் பாவு பிணைத்த நாளைச் சும்மா கொடுத்திருக்கிறார்.

இயற்கைச் சாயம், கைத்தறி என்று சீட்டு ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கிற கடைகளிலும் நான் இனி பாவு பிணைத்த நாளின் கூலியைப் பற்றித்தான் கேட்கப்போகிறேன். நெசவாளி படம் போட்ட அட்டையைக் காட்டிச் சமாளிப்பார்கள். படம் வேண்டாம், பாவுக்கூலி எவ்வளவு என்று சொன்னால் போதும்.

கிளம்பும்போது அண்ணாச்சியிடம், ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் என்ன கேட்கச் சொல்கிறீர்கள் என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. "கூலிய ஏத்துறது அப்புறம். வருஷம் பூரா ஒரே மாதிரி வேலை குடுக்கச் சொல்லுங்க. ரெண்டு மாசம் ராத்திரி பகலா நெய்யச் சொல்லிட்டு, அடுத்த மூணு மாசம் போனையே எடுக்க மாட்டேங்காங்க."