மும்பைத் தங்கசாலையும் மெருகுக் காசும்

மும்பை சத்திரபதி சிவாஜி மகராஜ் இரயில் நிலையத்தை விட்டு, தலைமை அஞ்சலகத்தைக் கடந்து தெற்கே சிறிது தொலைவு நடப்போர், பெருந்தூண்கள் தாங்கிய முகப்புடைய பழங்கட்டடம் ஒன்றைக் காண்பர். 1829ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசாங்க நாணயச்சாலை அது. எதிரே ரிசர்வ் வங்கியின் உயர்ந்த மாளிகை நிற்கின்றது. சென்னையில் ஒரு தெருவுக்கே பெயர் தந்த தங்கசாலையை அறிந்த நம்மவர்க்கு இவ்விடம் அயலாகத் தோன்றாது.

இரயில்வே எழுத்தனாகிய யான் நாள்தோறும் எண்ணும் காசுகள் பல கைகள் பட்டுத் தேய்ந்தவை. இச்சாலையிலோ எக்கையும் படாதிருத்தற்கென்றே ஒருவகைக் காசு பிறக்கின்றது. 'புரூஃப்' நாணயம் என்பது அதன் பெயர். அதற்குரிய வில்லையையும் அச்சையும் தனியே மெருகிட்டு, ஒருமுறைக்கு மேல் அழுத்தி அடிக்கின்றனர். ஆதலின் காசின் பரப்பு கண்ணாடிபோல் ஒளிர, உருவம் மட்டும் பனி படிந்தாற்போல் வெண்மையாய்ப் புடைத்து நிற்கும். மும்பையில் அடிக்கப்பெற்ற இத்தகைய காசுகள் 'பி' என்னும் ஆங்கில எழுத்தையும், 1996 முதல் 'எம்' என்னும் எழுத்தையும் அடையாளமாகத் தாங்கும். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாம் ஆண்டு நினைவாக, 2010 என்னும் ஆண்டு பொறித்த 1000 ரூபாய் வெள்ளி நாணயமும் இச்சாலையில் உருவானதே.

மாட்டுங்காவில் எம் அண்டை வீட்டுப் பெரியவர், 1969இல் வெளிவந்த காந்தியடிகள் நூற்றாண்டுப் பத்து ரூபாய் மெருகு நாணயம் ஒன்றைப் பெட்டியுடன் பேணி வந்தார். 15 கிராம் எடை. நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. ஓர் ஆண்டு சரஸ்வதி பூசைக்கு முன்னாள், மாமி வெள்ளி விளக்குகளோடு அதனையும் விபூதியிட்டு நன்கு துலக்கிவிட்டார். காசு பளபளத்தது, கண்ணாடிப் பரப்பில் மட்டும் நுண்ணிய கீறல்கள் ஆயிரம். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்காக விற்கச் சென்றபோது, வணிகர் வெள்ளியின் எடைக்குரிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தர இசையவில்லை.

"அவள் தெய்வத்திற்கென்று துலக்கினாள், தம்பி. அது என்ன காசென்று நான்தான் ஒருநாளும் சொல்லவில்லை" என்றார் பெரியவர்.

இவ்வகைக் காசு வைத்திருக்கும் அன்பர்கள் அதனை விளிம்பில் மட்டுமே பிடித்தல் வேண்டும். புளி, விபூதி, துணி எதுவும் ஆகா. கடற்காற்றின் ஈரம் புகாதவாறு, வந்த பெட்டியிலேயே வைத்தல் நலம். நிறம் சற்று மங்கினும் கவலையில்லை. தேய்த்த காசினும் மங்கிய காசே மதிப்புடையது.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. காசின் ஆண்டு, வாங்கிய இடம், கொடுத்த விலை ஆகியவற்றைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியோடு வையுங்கள். வீட்டார் அனைவரையும் அழைத்து அதனை ஒருமுறை படித்தும் காட்டுங்கள்.